தட்டானுக்கு இறக்கை எதுக்கு

தம்பி, கோவிச்சுக்காதீங்க. பக்கத்துல உக்காந்துக்கிட்டு அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கிறது தப்புதான். ஆனா நீங்க ஹெட்செட் போடலை பாருங்க, அந்த டமால் டுமால் எனக்கும் சேத்துத்தானே கேக்குது? விண்வெளிச் சண்டை. நல்லாத்தான் எடுத்திருக்கான். குட்டிக் குட்டி விமானம், உள்ள ஒத்தை ஆளு, கொண்டை ஊசி வளைவுல பஸ் ஓட்டுற மாதிரி ஸ்டியரிங்கை ஒடிக்கிறான், விமானம் அப்படியே சாஞ்சு திரும்புது. எதுல சாயுது? அங்க காத்தே கிடையாதே தம்பி. இறக்கையை வெச்சு அங்க என்ன பண்ணுவான், விசிறிக்குவானா?

இல்லை இல்லை, நிறுத்தாதீங்க. பாருங்க. நான் பாட்டுக்குச் சொல்றேன். பஸ் சிவகாசி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கு.

நான் பாலிடெக்னிக்ல ஃபிசிக்ஸ் வாத்தியார். பேரு சோலைமலை. 'விண்ணவன்'கிற புனைபெயரைச் சொன்னா ஒரு காலத்துல நாகர்கோவில் வரைக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியலை. சரி. பரவாயில்லை. 'விண்சேனை'ன்னு ஒரு படக்கதை மாசாமாசம் வந்துச்சு, அதுக்குக் கதை எழுதினது நான்தான். பால்துரை அண்ணாச்சின்னு ஒருத்தர், காலண்டர் அடிக்கிற பிரஸ் வெச்சிருந்தார். சீசன் முடிஞ்சா மெஷின் சும்மா கிடக்குதேன்னு இதை ஆரம்பிச்சார். விண்வெளியைப் பத்தி அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. "சோலை சார், உள்ள நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க. அட்டையில செவப்பு இருக்கணும்." அவ்வளவுதான்.

படம் போட்டது செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரங்க. பட்டாசுப் பெட்டி லேபிள் வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அண்ணாச்சி கூட்டிட்டு வந்தார். புஸ்வாணம், சங்குசக்கரம், அணுகுண்டு, எல்லாம் இவங்க கைவண்ணம். அதனாலயோ என்னவோ, ஆரம்பத்துல இவங்க போட்ட விண்கப்பலைப் பாத்தா எனக்குத் திரி எங்கன்னு தேடத் தோணும். இதை அவங்ககிட்டயே சொன்னேன். அழுவாங்கன்னு நினைச்சேன். சிரிச்சாங்க. அடுத்த இதழ்ல கப்பலோட பின்பக்கம் நிஜமாவே ஒரு திரியைத் தொங்க விட்டுட்டாங்க. யாரும் கண்டுபிடிக்கலை, நான் மட்டும்தான் கண்டுபிடிச்சேன். அப்படி ஒரு பொறுப்பில்லாத ஆளு.

கதை என்னன்னா, 'திமிங்கிலம்'னு ஒரு தாய்க்கப்பல். அதுக்குள்ளேருந்து 'தட்டான்'னு சின்னச் சின்னப் போர் விமானம் கிளம்பும். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளு. ராகு கிரகத்துக்காரனுங்களோட சண்டை. தட்டான் ஓட்டுறதுல கெட்டிக்காரி, இசக்கி. நான் 'விண்மதி'ன்னுதான் பேரு வெச்சேன். செண்பகவல்லிதான், "விண்மதின்னா ஷாம்பூ மாதிரி இருக்கு சார், இசக்கின்னு வைங்க, அம்மன் பேரு, நம்ம ஊர்ல இசக்கின்னா ஒருத்தனும் வாலாட்ட மாட்டான்"னாங்க. போகட்டும்னு விட்டேன்.

கேப்டன் நெடுங்கிள்ளின்னு ஒரு ஆளு கப்பல்லயே இருப்பார். கண்ணாடி போட்டிருப்பார், முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை. வாசகர்கள்ல சில பேரு, "சார், கேப்டன் உங்களை மாதிரியே இருக்காரே"ம்பாங்க. தற்செயல். பிரஸ்ல பாத்து வரையறதுக்கு வேற ஆம்பளை யாரு இருந்தா? அண்ணாச்சியை வெச்சு வரைஞ்சா கட்டம் பத்தாது.

இன்னொண்ணு. ஒவ்வொரு இதழ்லயும் கடைசிக் கட்டம் ஒண்ணு எக்ஸ்ட்ராவா இருக்கும். நான் எழுதினது கிடையாது. சண்டை முடிஞ்சு தட்டான் வந்து இறங்கும், இசக்கி ஹெல்மெட்டைக் கழட்டுவா, வாசல்ல கேப்டன் நின்னுக்கிட்டு இருப்பார். வசனமே கிடையாது. நானும் பல தடவை சொல்லிட்டேன், "ஒரு கட்டம் வீணாகுது, அதுல ஒரு அறிவியல் துணுக்காவது போடலாம்"னு. "இருக்கட்டும் சார்"ம்பாங்க. ஆறு வருஷமும் இருந்துச்சு அந்தக் கட்டம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. மதுரைப் புத்தகக் கண்காட்சியில ஸ்டால் போட்டோம் ஒரு வருஷம். நல்ல கூட்டம். நாகர்கோவில்லேருந்து ஒரு இன்ஜினியரிங் பொண்ணு, ஜெனிலான்னு பேரு, கையெழுத்து வாங்க வந்துச்சு. வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? கேள்வி கேட்டுச்சு.

"சார், திமிங்கிலத்துலதான் ஏவுகணை இருக்கே? அதையே நேரா அனுப்பலாமே, நடுவுல எதுக்கு சார் தட்டான்? அதுக்குள்ள எதுக்கு இசக்கி?"

நான் வாத்தியார். எத்தனை கேள்வி பாத்திருப்பேன்? "அது வந்தும்மா, தட்டான் வேகமாப் போகும்"னேன்.

"ஆள் இருந்தா வேகம் குறையத்தானே சார் செய்யும்? ரொம்ப வேகமாத் திருப்பினா உள்ள இருக்கிறவங்க நசுங்கிருவாங்களே. ஏவுகணைக்கு அந்தப் பிரச்சினை இல்லையே?"

கூட்டத்துல சிரிச்சாங்க. நாலஞ்சு பேருதான். எனக்கு அவமானமா? எதுக்கு அவமானம்? அறிவியல்ல கேள்வி கேக்கிறதுல என்ன அவமானம் இருக்கு? வர்ற வழியெல்லாம் நான் யார்கூடயும் பேசலை, அது தலைவலி. செண்பகவல்லிதான் பொரிகடலை வாங்கி நீட்டுனாங்க. "விடுங்க சார், சின்னப் பொண்ணு"ன்னாங்க. நான் விடுற ஆளா?

உக்காந்து கணக்குப் போட்டேன் தம்பி. போடப் போட எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஆறு வருஷமா எழுதினது முழுக்க அபத்தம்! கேளுங்க, இதை நீங்களும் தெரிஞ்சுக்கிறது நல்லது. கடல்ல போர்க்கப்பலுக்கு விமானம் எதுக்கு வேணும்? கப்பல் தண்ணியில மெதுவாப் போகும், விமானம் காத்துல வேகமாப் போகும். பூமி உருண்டை, தொடுவானத்துக்கு அந்தப் பக்கம் கப்பலுக்குத் தெரியாது, விமானம் மேல போய்ப் பாத்துட்டு வரும். விண்வெளியில? பெருசும் அதே வெற்றிடத்துல போகுது, சிறுசும் அதே வெற்றிடத்துல போகுது. தொடுவானமே கிடையாது. ஒளியிறதுக்கு ஒரு மறைப்பு கிடையாது. எஞ்சின் சூடு ரொம்பத் தூரத்துலேருந்தே தெரியும். கும்மிருட்டுல பீடி பத்த வெச்ச மாதிரி.

எரிபொருள் இருக்கே, அதுதான் ரொம்ப முக்கியம். தட்டான் கிளம்ப ஒரு தடவை எரிக்கணும், எதிரிகிட்ட போய் நிக்க ஒரு தடவை, திரும்பக் கிளம்ப ஒரு தடவை, வீடு வந்து நிக்க ஒரு தடவை. பிரேக் பிடிச்சா நிக்கிறதுக்கு அது டவுன் பஸ்ஸா? ஏவுகணைக்கு ஒரு தடவை போதும். போகணும், அவ்வளவுதான். திரும்பி வரணும்கிற எண்ணம்தான் எடையிலயே பெரிய எடை.

மறுநாள் பிரஸ்ல போய்ச் சொன்னேன். "செண்பகவல்லி, தட்டானை எடுத்துறலாம்."

அவங்க அப்போ இசக்கியோட புருவம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பிரஷ்ஷைக் கீழ வெச்சாங்க. "எடுத்துட்டு?"

"ஏவுகணை."

"ஏவுகணைக்கு மூஞ்சி கிடையாதே சார்."

பாருங்க, நான் ஃபிசிக்ஸ் பேசுறேன், இவங்க மூஞ்சியைப் பேசுறாங்க. நான் எல்லாத்தையும் விளக்கினேன். கரும்பலகை இல்லை, காலண்டர் அட்டையோட பின்பக்கம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாக் கேட்டாங்க. ரொம்ப நேரம் கேட்டாங்க. கடைசியில, "எல்லாம் சரி சார். அப்போ இசக்கி எங்க போவா?"ன்னாங்க.

"கப்பலுக்குள்ளயே உக்காரட்டும். கேப்டனுக்குப் பக்கத்து நாற்காலி. பொத்தானை அமுக்குற வேலை. பதவி உயர்வுதானே?"

நானா இசக்கியைக் கொன்னேன்? கொல்லலையே! கேப்டன் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்கார வெச்சேன். அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "பக்கத்துல உக்காந்து என்ன சார், ரெண்டு பேரும் திரையையே பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"ஆமா, அதுதானே வேலை?"ன்னேன்.

ஒரு வாரம் போச்சு. அப்புறம் ஒருநாள் நான் காலேஜ் முடிஞ்சு பிரஸ்ஸுக்குப் போறேன், ஒரு பெரிய தாளைச் சுருட்டி வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. புதுப் புடவை வேற. கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்களோ என்னவோ. தாளை விரிச்சாங்க. தட்டான்தான். இறக்கையை எடுத்துட்டாங்க, நான் சொன்ன மாதிரி. சூட்டை வெளிய தள்ளுற தகடெல்லாம் போட்டிருக்காங்க. எனக்கே ஆச்சரியம், அவ்வளவு சுத்தமான வேலை. ஆனா உள்ள ரெண்டு சீட்டு.

"இது என்ன?"

"தட்டானை முழுசா எடுத்துற வேண்டாம் சார். ரெண்டு சீட்டு வெச்சிருக்கேன். இசக்கி ஓட்டட்டும். இன்னொண்ணுல..." நிறுத்திட்டாங்க. "இன்னொண்ணுல கேப்டன் வரட்டும். எத்தனை நாளைக்கு வாசல்லயே நின்னுக்கிட்டு இருப்பாரு?"

நான் தாளை நல்லாப் பாத்தேன். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இடைவெளியே இல்லை, அது வேற வடிவமைப்புக் கோளாறு. நிதானமாத்தான் சொன்னேன், கோவமே படலை. "பாருங்க செண்பகவல்லி, இன்னொரு ஆளுன்னா அவரு எடை, அவருக்குக் காத்து, தண்ணி, அந்த எடையைத் தள்ள எரிபொருள், அந்த எரிபொருளைத் தள்ள இன்னும் எரிபொருள். கேப்டன் தனியா இருக்கிறதுதான் கணக்குப்படி சரி. அதுவும் போக, கப்பலை அப்படியே விட்டுட்டு இறங்கிப் போறவன் ஒரு கேப்டனா?"

அவங்க என் முகத்தையே பாத்தாங்க. கண்ணு கலங்கியிருந்த மாதிரி இருந்துச்சு. பிரஸ்ல மை வாடை அதிகம், எனக்கே எரியும். "கணக்குப்படி சரிதான் சார்"னு சொல்லிட்டுத் தாளைச் சுருட்டிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. நான் சொன்னதை அப்படியே வரைஞ்சாங்க. தமிழ்ல முதல் தடவையா, தப்பே இல்லாத ஒரு விண்வெளிச் சண்டை! நான் பெருமைக்குச் சொல்லலை, நீங்களே யோசிச்சுப் பாருங்க. ரெண்டு கப்பல், நடுவுல கோடிக்கணக்கான கிலோமீட்டர். ஒருத்தனை ஒருத்தன் கண்ணால பாக்கவே முடியாது. முதல் பக்கத்துல இசக்கி பொத்தானை அமுக்குறா. அதுக்கப்புறம் காத்திருக்காங்க. ஏழு பக்கம் காத்திருக்காங்க. அவ்வளவு தூரம் போக நேரம் ஆகும்ல? கடைசிப் பக்கத்துல, கறுப்புக்கு நடுவுல, ஒரு சின்னப் புள்ளி மின்னி அணையுது. அது ராகு கிரகத்துக்காரன் கப்பல். முடிஞ்சுது. ஒரு டமாலும் கிடையாது.

கடைசியில வர்ற அந்த எக்ஸ்ட்ரா கட்டம் இல்லை. நான் எடுக்கச் சொல்லலை, அவங்களாவே விட்டுட்டாங்க. அந்த இடத்துல அறிவியல் துணுக்குப் போட்டேன்.

அண்ணாச்சி புத்தகத்தைக் கையில வெச்சு முன்னும் பின்னும் திருப்பினார். "சோலை சார், பக்கம் ஏதும் விட்டுப் போச்சா?"

"இல்லை அண்ணாச்சி, சண்டை நடக்குது."

"எங்க நடக்குது?"

"இதோ, இந்தப் புள்ளி."

கண்ணாடியைப் போட்டுப் பாத்தார். "நான் அச்சுல தூசின்னுல்ல நினைச்சேன்." அப்புறம் அட்டையைப் பாத்தார். கறுப்பு. செவப்பே இல்லை. அவருக்கு அதுதான் துக்கம், மத்தது எதுவும் அவருக்குப் புரியலை.

இன்னும் ரெண்டு மூணு இதழ் அப்படி வந்துச்சு. கட்டுக்கட்டாத் திரும்பி வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. உண்மையை ஏத்துக்கிற பக்குவம் ஜனங்களுக்கு வரலை, நாம என்ன செய்ய முடியும்? ஒருநாள் சாயங்காலம் செண்பகவல்லி வந்து நின்னாங்க. "சார், நான் ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன். வீட்ல மாப்பிள்ளை பாத்துட்டாங்க. இன்னும் நான் சரின்னு சொல்லலை."

சொல்லிட்டு அங்கயே நிக்கிறாங்க. போகவும் இல்லை. நான் என்ன, மட்டு மரியாதை தெரியாதவனா? "ரொம்ப சந்தோஷம்"னேன். "போறதுக்கு முன்னாடி அந்த வெப்பத் தகடு மட்டும் வரைஞ்சு குடுத்துட்டுப் போயிருங்க, அடுத்த இதழுக்கு வேணும்"னேன். வரைஞ்சு குடுத்தாங்க. ஒரு கோடு பிசகு கிடையாது. அடுத்த இதழ்தான் வரலை. அண்ணாச்சி மெஷினைக் கல்யாணப் பத்திரிகை அடிக்கத் திருப்பிட்டார். முதல்ல அடிச்ச பத்திரிகைகள்ல செண்பகவல்லியோடதும் ஒண்ணு. எனக்கும் வந்துச்சு. அன்னைக்குப் பாத்து காலேஜ்ல பிராக்டிகல்ஸ். போக முடியலை. பிராக்டிகல்ஸைத் தள்ளி வெச்சிருக்கலாம்தான். வெக்கலை.

ஜெனிலாவைத் திரும்பப் பாத்தேன், அதைச் சொல்லணும். அடுத்த புத்தகக் கண்காட்சியில, ஸ்டாலெல்லாம் இல்லை, சும்மா சுத்திக்கிட்டு இருந்தேன். நானே போய், "என்னம்மா, இப்போ கணக்கு சரியா இருந்துச்சா?"ன்னு கேட்டேன். பாராட்டும்னு எதிர்பாத்தேன், வேற யாரு பாராட்டப் போறா?

"ரொம்ப சரியா இருந்துச்சு சார். ஆனா ஏன் சார் இசக்கியை உக்கார வெச்சுட்டீங்க?"

"நீதானேம்மா கேட்டே?"

"நான் கேள்விதானே சார் கேட்டேன்? நீங்க ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடிச்சுச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன். எடுக்கவா சொன்னேன்?" அந்தப் பொண்ணு என்னை ஏதோ கிணத்துல விழுந்த ஆளைப் பாக்கிற மாதிரி பாத்துச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்ன வேணும்னு அதுங்களுக்கே தெரியலை.

சரி, அது பழைய கதை. போன மாசம் நடந்ததைச் சொல்லிடறேன். மதுரை மாட்டுத்தாவணியில பஸ்ஸுக்கு நிக்கிறேன். "சார்"னு ஒரு குரல். திரும்பிப் பாத்தா செண்பகவல்லி. கொஞ்சம் உடம்பு போட்டிருந்தாங்க. திருநெல்வேலியில இருக்காங்களாம், சின்னப் பிள்ளைங்க பாடப் புத்தகத்துக்கு ஆப்பிளும் பூனையும் வரையறாங்களாம். பக்கத்துல அவங்க வீட்டுக்காரர். ஆவுடையப்பன். தபால் ஆபீஸ்ல வேலை. நல்ல மனுஷன்னுதான் சொல்லணும், கையில ரெண்டு பையையும் அவர்தான் வெச்சிருந்தார்.

"இவர்தாங்க சோலைமலை சார்"னு செண்பகவல்லி சொன்னாங்க.

அந்த ஆளு மூஞ்சியெல்லாம் மலர்ந்துபோச்சு. "அந்தத் தட்டானை எடுத்தவரா? வல்லி எல்லாம் சொல்லியிருக்கு சார். நான் சொல்றேன், நீங்க செஞ்சதுதான் நூத்துக்கு நூறு சரி. விண்வெளியில சின்ன விமானத்துக்கு அர்த்தமே கிடையாது. ஆளை எதுக்கு உக்கார வைக்கணும்? வீண் எடை. நான் வல்லிகிட்ட எப்பவும் அதான் சொல்லுவேன்."

தம்பி, நல்லாக் கேட்டுக்கோங்க. இத்தனை வருஷத்துல என் கட்சியை முழுசா ஒத்துக்கிட்ட மொத ஆளு அவர்தான். ஒரு வரி விடாம ஒத்துக்கிட்டார். காத்து இல்லை, தொடுவானம் இல்லை, எரிபொருள், எல்லாத்தையும் அவரே அடுக்குறார். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கணும்? எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவே இல்லை. வல்லியாம், வல்லி.

"அப்படி ஒரேயடியாச் சொல்லிற முடியாதுங்க"ன்னேன்.

அவர் முழிச்சார். செண்பகவல்லி பஸ் போர்டைப் பாத்துக்கிட்டு இருந்தவங்க, திரும்பினாங்க.

"கப்பல் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிக்குது இல்லையா? அங்க நடக்கிறது கப்பல்ல இருக்கிறவனுக்கு ஒளி வந்து சேர்ந்தப்புறம்தானே தெரியும்? இவன் யோசிச்சு ஒரு உத்தரவு அனுப்பினா, அது போய்ச் சேர இன்னும் அவ்வளவு நேரம். அதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். எதிர்ல வர்றது சண்டைக்கு வருதா, சமாதானத்துக்கு வருதான்னு ஏவுகணைக்குத் தெரியுமா? கிட்டத்துல போய் ஒரு ஆளு பாக்கணும்ங்க. ஒருத்தர் பத்தாது, ரெண்டு பேரு இருக்கிறதுதான் நல்லது. ஒருத்தர் ஓட்ட, ஒருத்தர் பாக்க. எடை கூடும்தான், எரிபொருள் கூடும்தான். கூடட்டும். அதுக்காகப் போகாமலே இருந்துற முடியுமா?"

குரல் கொஞ்சம் ஒசந்துருச்சு போல. பக்கத்துல வெள்ளரிப் பிஞ்சு விக்கிறவர் வியாபாரத்தை விட்டுட்டு வேடிக்கை பாத்தார். ஆவுடையப்பன், "சார் சொல்றதும் சரியாத்தான் இருக்கு"ன்னார். அதையும் ஒத்துக்கிட்டார் பாருங்க! என்ன மனுஷன்!

திருநெல்வேலி பஸ் வந்துருச்சு. அவர் பையைத் தூக்கிக்கிட்டு இடம் பிடிக்க ஓடினார். செண்பகவல்லி படியில ஒரு காலை வெச்சவங்க, இறங்கி ரெண்டு எட்டு திரும்பி வந்தாங்க.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

எதைன்னு கேக்கிறதுக்குள்ள கண்டக்டர் விசில் குடுத்துட்டார். ஏறிட்டாங்க. ஜன்னல்ல தெரிவாங்கன்னு பாத்தேன், அந்தப் பக்கத்துச் சீட்டு போல.

வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தேன். ஒளி வந்து சேர்ற நேரத்தைத்தான் சொல்லியிருக்காங்க. அது ஒண்ணுதானே நான் அப்போ விட்டுட்ட பாயிண்ட்டு? வேற என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.